நார்வேக்காரர்கள் அமெரிக்காவில் கட்டிய முதல் லுத்தரன் கோயில்: மஸ்கீகோவா, கோஷ்கோனாங்கா?

1. ஏரிக்கரை

வணக்கம். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு கிராமத்துச் சாலைகளில் சுற்றுவது என் வழக்கம். ஸ்டோட்டன் ஊரைத் தாண்டி கோஷ்கோனாங் பக்கம் போனால் சோளக்காடு, பழைய புகையிலைக் கொட்டகைகள், நடுவில் திடீரென்று ஒரு கோயில், அதைச் சுற்றிக் கல்லறைகள். கல்லறைப் பெயர்கள் எல்லாம் ஓல்சன், ஆண்டர்சன், ஹால்வர்சன்.

போன மாதம் அங்கே ஒரு பெரியவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "நார்வேயில் இருந்து வந்தவர்கள் இந்த நாட்டில் கட்டிய முதல் கோயில் எங்களுடையதுதான்" என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மில்வாக்கிக்குத் தென்மேற்கே விண்ட் லேக் போயிருந்தேன். அங்கேயும் ஒரு லுத்தரன் கோயில், அங்கேயும் ஒரு பெரியவர், அதே வாக்கியம்!

இருவரில் யார் சொல்வது சரி? இங்கே வரலாறு படித்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

2. பழஞ்சுவடி

இருவரும் பொய் சொல்லவில்லை.

விண்ட் லேக் பக்கத்தில் இருப்பது பழைய மஸ்கீகோ குடியேற்றம். நார்வேயின் டெலிமார்க் பகுதிக்காரர்கள் 1839-ல் அங்கே வந்தார்கள். அடுத்த வருடம் நார்வேயின் லியரில் இருந்து ஈவன் ஹெக் என்பவர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். 1843-ல் கோயில் கட்டும் வேலை தொடங்கியது, அடுத்த வருடம் கட்டடம் எழும்பிவிட்டது. ஆனால் பிரதிஷ்டை நடந்தது 1845 மார்ச் 13 அன்று.

கோஷ்கோனாங்கில் 1844 இலையுதிர்காலம் வரை கோயில் பேச்சே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு குரு வந்தார். அதற்கப்புறம் வேலை அசுர வேகம். மேற்குக் கோஷ்கோனாங் கோயிலுக்கு 1844 டிசம்பர் 19-ல் பிரதிஷ்டை. கிழக்குக் கோஷ்கோனாங்குக்கு 1845 ஜனவரி 31.

முதலில் கட்ட ஆரம்பித்தது மஸ்கீகோ, முதலில் பிரதிஷ்டை செய்தது கோஷ்கோனாங். நடுவில் மூன்று மாதம்கூட இல்லை. இந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் சண்டை!

3. சந்தேகப்பிராணி

இதில் சண்டை எங்கே இருக்கிறது? பிரதிஷ்டை ஆகாத கட்டடம் வெறும் கட்டடம்தான். கும்பாபிஷேகம் ஆகாத கோயிலைக் கோயில் என்று யாராவது சொல்வார்களா? கோஷ்கோனாங்குக்கே என் ஓட்டு. இழையை மூடிவிடலாம்.

4. தரங்கைவாசி

தம்பி சந்தேகப்பிராணி, இழையை மூட அவசரப்பட வேண்டாம். எனக்கு வயது எழுபத்திரண்டு. பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடி. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் புது எருசலேம் கோயிலில். அதனால் இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதல்ல.

எங்கள் ஊரில் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் கோயில் 1701-ல் வந்தது. மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706-ல் கரை இறங்கினார். தமிழர்களுக்கென்று அவர் கட்டிய எருசலேம் கோயில் 1707. அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு கட்டியதுதான் இன்றும் நிற்கும் புது எருசலேம், 1718. இப்போது எங்கள் ஊரின் முதல் லுத்தரன் கோயில் எது? டேனிஷ் கோட்டைக்காரர்களுக்கான சீயோனா, தமிழில் ஆராதனை நடந்து கடலுக்குள் போன எருசலேமா, நிற்கிற புது எருசலேமா? சபைக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

இன்னொன்று. சீகன்பால்கு ஐயரை அனுப்பிய நான்காம் ஃபிரெடெரிக் டென்மார்க்குக்கு மட்டும் அரசர் அல்ல, நார்வேக்கும் அவரே அரசர். 1814 வரை இரண்டும் ஒரே கிரீடத்தின் கீழ்தான். ஆகவே மஸ்கீகோவில் கோயில் கட்டியவர்களுடைய பாட்டன் பூட்டன்களும், எங்கள் ஊருக்குக் குருமாரை அனுப்பியவர்களும் ஒரே திருச்சபை. அந்த உரிமையில்தான் மூக்கை நுழைக்கிறேன்.

5. வடதுருவம்

பெர்கனில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபத்தாறு வருடமாக இங்கே.

நீங்கள் எல்லோரும் கட்டடத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். இந்தச் சனம் ஏன் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 1741-ல் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஊர்க் குருவின் அனுமதி இல்லாமல் சாதாரண ஆட்கள் கூடி ஜெபக்கூட்டம் நடத்தக் கூடாது. அந்தச் சட்டத்தில் மாட்டியவர் ஹான்ஸ் நீல்சன் ஹௌகே. விவசாயி மகன். 1796 ஏப்ரலில் வயலில் ஏர் உழுதபடி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது ஆவியின் அனுபவம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். பிறகு நாடு முழுக்க நடந்தே போய்ப் பிரசங்கித்தார். பட்டம் இல்லை, அங்கி இல்லை. பலமுறை பிடித்து அடைத்தார்கள். 1804 தொடக்கம் பல வருடம் மறியல் (சிறை), உடம்பே போய்விட்டது. 1824-ல் இறந்தார். சட்டத்தை எடுத்தது 1842-ல்தான்.

ஹௌகே இறந்த அடுத்த வருடம், 1825 ஜூலை 4, ஸ்டவாங்கரில் இருந்து ரெஸ்டவ்ராசியோன் என்ற சின்னப் பாய்க்கப்பல் புறப்பட்டது. ஐம்பத்திரண்டு பேர் ஏறினார்கள், நியூயார்க்கில் இறங்கியது ஐம்பத்து மூன்று. வழியில் ஒரு பெண் குழந்தை. அதில் வந்தவர்களில் குவேக்கர்கள் உண்டு, ஹௌகேயின் ஆட்களும் உண்டு. அமெரிக்காவுக்கான நார்வேக் குடியேற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

அதாவது குருமாரோடு பகை வைத்திருந்த சனமும், குரு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாத சனமும் அடுத்தடுத்து அதே காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. மிச்சக் கதையைப் பழஞ்சுவடி அண்ணை சொல்லட்டும்.

(ஹௌகே என்று எழுதுங்கள். "ஹாஜ்" என்று எழுதினால் இங்கே ஆட்கள் சிரிப்பார்கள்.)

6. பழஞ்சுவடி

நன்றி வடதுருவம். நீங்கள் தொட்ட இடம்தான் முக்கியம். மஸ்கீகோவுக்கும் கோஷ்கோனாங்குக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எல்லிங் ஐயெல்சன்.

ஹௌகே வழிப் பிரசங்கியார். 1839-ல் அமெரிக்கா வந்தார். இலினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரைக் குடியேற்றத்தில் மரக்கட்டை வீடு ஒன்று கட்டினார். கீழே குடியிருப்பு, மேல்மாடியில் ஜெபக்கூட்டம். மஸ்கீகோ கோயிலுக்கு முன்னாலேயே! "கோயில்" என்று அவரே சொல்லியிருக்க மாட்டார், அந்தச் சொல்லே அவருக்குப் பிடிக்காது. ஆனால் "நார்வே லுத்தரன்கள் கும்பிடுவதற்கென்று கட்டிய முதல் இடம்" என்று தேடினால் ஃபாக்ஸ் ஆற்றின் அந்த மேல்மாடியும் வரிசைக்கு வந்து நிற்கும்.

சிற்றுபதேசத்தை (பிள்ளைகளுக்கான விசுவாசக் கேள்வி பதில் புத்தகம்) அச்சடிப்பதற்காக அவர் நியூயார்க் வரை நடந்தே போனார் என்பார்கள். 1841-ல் லுத்தரின் சிற்றுபதேசம் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலத்தில்! இன்னும் எழுபது எண்பது வருடம் கழித்தும் நார்வே மொழியை விடமாட்டோம் என்று சபைகள் அடித்துக்கொண்டன. இவரோ பிள்ளைகள் எந்த மொழியில் வளரப் போகிறார்கள் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார்.

அடுத்த பிரச்சினை குருப்பட்டம். 1843 அக்டோபர் 3-ல் சிகாகோ பக்கத்தில் இருந்த ஃபிரான்சிஸ் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் லுத்தரன் குரு ஐயெல்சனுக்குப் பட்டம் கொடுத்தார். (அந்த ஹாஃப்மன் பிற்பாடு அரசியலுக்குப் போய் இலினாயின் துணை ஆளுநர் ஆனார்.) சரியாகப் பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 18, மஸ்கீகோவில் கிளாவுஸ் லாவுரிட்ஸ் கிளாவுசனுக்குப் பட்டம். அதைக் கொடுத்தவரும் ஒரு ஜெர்மன் குருதான். இடம் ஈவன் ஹெக்கின் களஞ்சியம்.

7. ஏரிக்கரை

களஞ்சியத்திலா? வைக்கோல், தானியம் வைக்கிற இடத்திலா?

8. பழஞ்சுவடி

ஆமாம். அந்தக் களஞ்சியத்தை ஊரின் மண்டபம் என்றே சொல்லலாம். புதிதாக வந்து இறங்குகிற குடும்பங்கள் இடம் பார்க்கும்வரை அங்கேதான் தங்குவார்கள். ஞாயிறு வந்தால் அதே இடத்தில் ஆராதனை, கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம். நார்வே மொழியில் அமெரிக்காவின் முதல் செய்தித்தாளான நூர்ட்லூசெட் 1847-ல் வெளிவந்ததும் ஹெக்கின் இடத்தில் இருந்துதான். அந்தப் பெயருக்கு வட ஒளி என்று அர்த்தம்.

கிளாவுசன் நார்வேக்காரரே அல்ல, டேனிஷ்காரர். நார்வேயின் டிராமன் ஊர் வியாபாரி தூலெஃப் பாகேயின் மகன் சூரென் மஸ்கீகோவில் குடியேறியிருந்தார். அங்கே பிள்ளைகளுக்கு மதபோதனை செய்ய ஆசிரியர் வேண்டும் என்று தூலெஃப் பாகே சொல்லி, ஆசிரியராகத்தான் கிளாவுசன் வந்தார். வந்த இடத்தில் சனங்கள் "எங்களுக்குக் குருவாகவே இரும்" என்று பிடித்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி மார்த்தா எழுதிய விடைபெறும் பாடல் ஒன்று நார்வே அமெரிக்கர்களின் சாவு வீடுகளில் பிற்பாடு வெகுகாலம் பாடப்பட்டது. அந்த அம்மாள் அமெரிக்கா வந்து மூன்றே வருடத்தில், 1846-ல், இறந்துபோனார்.

9. சந்தேகப்பிராணி

அப்படியென்றால் கோஷ்கோனாங்குக்கு வந்த குரு யார்? பட்டம் உண்டா, அவரும் களஞ்சியக் குருவா?

10. பழஞ்சுவடி

அவர் அசல் சரக்கு. யோஹானஸ் வில்ஹெல்ம் கிறிஸ்தியன் டீட்ரிக்சன். பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து, நார்வேயிலேயே முறைப்படி பட்டம் வாங்கி, அங்கியும் கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புக் காலருமாக வந்தவர். செலவை ஏற்றவர் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) துணிக்குச் சாயம் போடும் தொழில் செய்த ஒருவர். அரசுத் திருச்சபை தன் மக்களைக் காட்டில் விட்டுவிட்டதே என்று ஒரு சாயக்காரர்தான் கவலைப்பட்டிருக்கிறார், பிஷப்பு அல்ல.

1844 செப்டம்பர் 1-ல் கிழக்குக் கோஷ்கோனாங்கில் ஒரு களஞ்சியத்தில் ஆராதனை. மறுநாள் மேற்கில் ஓக் மரத்தடியில். அக்டோபரில் சபை அமைத்தார். சேர விரும்புகிறவர் சில வாக்குறுதிகளுக்குச் சம்மதித்துப் பெயர் கொடுக்க வேண்டும். நார்வேத் திருச்சபையின் ஒழுங்குக்கு உட்படுவேன், முறையாக அழைக்கப்பட்டுப் பட்டம் பெற்றவரைத் தவிர வேறு யாரையும் குருவாக ஏற்கமாட்டேன், குருவுக்குக் கீழ்ப்படிவேன். இப்படி.

"முறையாகப் பட்டம் பெற்றவர்" என்பது யாரைக் குறிவைத்தது என்று தெரிகிறது அல்லவா? ஐயெல்சனுடைய பட்டம் செல்லாது என்றார் டீட்ரிக்சன். கிளாவுசனுடையது செல்லும் என்று ஒப்புக்கொண்டார். ஐயெல்சன் பக்கமோ அந்த வெள்ளைக் காலரைப் பார்த்தாலே போப்பாண்டவர் நினைவுதான்.

11. தரங்கைவாசி

குருப்பட்டம் என்றதும் எங்கள் ஆரோன் ஐயர் ஞாபகம் வருகிறது. 1733 டிசம்பர் 28, தரங்கம்பாடியில் ஒரு தமிழருக்கு முதல் லுத்தரன் குருப்பட்டம். அது கோபன்ஹேகனின் சம்மதத்தோடு, முறைப்படி நடந்தது. அந்தக் காலத்திலும் யார் கை வைத்தார், யார் அனுமதி கொடுத்தார் என்பதுதான் கேள்வி. விஸ்கான்சின் காட்டில் கோபன்ஹேகனும் இல்லை, கிறிஸ்தியானியாவும் இல்லை. பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்.

கீழ்ப்படிவேன் என்று வாங்கினாரே, சனம் கீழ்ப்படிந்ததா?

12. பழஞ்சுவடி

இல்லை ஐயா. குடிப்பழக்கம் உள்ள ஒருவரைச் சபை விலக்கம் செய்து, கோயிலுக்கு வந்தால் கடைசி இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்றார் டீட்ரிக்சன். அந்த ஆள் கேட்கவில்லை. ஆராதனை நடுவில் ஆள் வைத்து வெளியேற்றினார். நார்வேயாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இது அமெரிக்கா. வெளியேற்றப்பட்டவர் நேராகக் கோர்ட்டுக்குப் போனார், குருவுக்கு அபராதம் விழுந்தது.

இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அங்கே குரு அரசு ஊழியர் மாதிரி. இங்கே அவர் சபை வைத்துக்கொண்ட ஆள். அந்த வித்தியாசம் அபராத ரசீது வடிவில் டீட்ரிக்சன் கைக்கு வந்து சேர்ந்தது. 1850-ல் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அவர் போட்ட சபைகள் மட்டும் நின்றன.

13. கூழாங்கல்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "காடு", "காடு" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அது யாருடைய காடு?

கோஷ்கோனாங் சுற்றுவட்டாரம் ஹோ-சங்க் மக்களின் நிலம். 1832 ஒப்பந்தத்தில் பிடுங்கினார்கள். மஸ்கீகோ பக்கம் பொட்டவாட்டமி நிலம், 1833 சிகாகோ ஒப்பந்தத்தில் போனது. நார்வேக்காரர்கள் வந்து இறங்கும்போது ஒப்பந்தத்தின் மை காய்ந்து ஆறேழு வருடம்தான் ஆகியிருந்தது. மஸ்கீகோ கோயில் நின்ற மேட்டுக்குப் பெயரே இந்தியன் ஹில். சூரென் பாகேயும் கூட்டாளியும் முதல் குளிர்காலத்தை ஒரு பூர்வகுடி மண்மேட்டைக் குடைந்து அதற்குள்தான் கழித்தார்கள்.

ஆகவே "முதல் கோயில்" என்று சொல்லும்போது "நார்வேக்காரர்களின்" என்ற அடைமொழியை விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மேட்டில் அவர்களுக்கு முன்பே கும்பிட்டவர்கள் இருந்தார்கள்.

14. ஏரிக்கரை

நியாயம். தலைப்பில் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன், தப்பித்தேன். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: கோஷ்கோனாங், மஸ்கீகோ, விஸ்கான்சின். பெயர்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

மஸ்கீகோவில் காலரா வந்தது என்று எங்கோ பார்த்தேன். உண்மையா?

15. பழஞ்சுவடி

1849-ல் காலரா. அதற்கு முன்பே சதுப்பு நிலத்துக் காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்தது. மஸ்கீகோ என்றாலே மரணக் குழி என்று நார்வேயில் பேச்சுப் பரவியது. 1845-லேயே மஸ்கீகோக்காரர்கள் எண்பது பேர் கையெழுத்திட்டு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். கஷ்டம் உண்டு, ஆனால் இங்கே சுதந்திரமாக இருக்கிறோம் என்பது சாரம். கிறிஸ்தியானியாவின் மோர்கன்ப்ளாடெட் பத்திரிகையில் வந்தது. கோயில் பிரதிஷ்டையான அதே வருடம். ஆனாலும் வசதி வந்தவர்கள் மேற்கே நல்ல நிலம் தேடிக் கிளம்பிவிட்டார்கள். கோஷ்கோனாங்கோ வளமான புல்வெளி. அங்கே சனம் பெருகியது, புகையிலையில் காசு பார்த்தது.

16. வடதுருவம்

ஹெக் என்றதும் கேட்க நினைத்தேன். கர்னல் ஹெக் இவருடைய மகனா? லியரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

17. பழஞ்சுவடி

மகனேதான். ஹான்ஸ் கிறிஸ்தியன் ஹெக். அப்பாவின் களஞ்சியத்தில் கிளாவுசனுக்குப் பட்டம் கொடுக்கும்போது பதின்மூன்று பதினாலு வயதுப் பையன். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 15-வது விஸ்கான்சின் படைக்குத் தலைவர். ஏறக்குறைய முழுக்க ஸ்காண்டிநேவியர்கள் அடங்கிய படை அது. 1863 செப்டம்பரில் சிக்கமாகா சண்டையில் குண்டு பட்டு, மறுநாள் இறந்தார். மேடிசனில் சட்டசபை முன்னால் நிற்கும் சிலை இவருடையதுதான். 2020 ஜூனில் ஆர்ப்பாட்டத்தின்போது கீழே தள்ளி ஏரியில் போட்டார்கள், அடுத்த வருடம் திரும்ப நிறுத்தினார்கள்.

அந்தப் படைக்கு முதல் குருவாகப் போனவர் யார் தெரியுமா? கிளாவுசன்!

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 1853-ல் கோஷ்கோனாங் மாதிரிச் சபைகள் சேர்ந்து நார்வே சினோட் (சபைகளின் கூட்டமைப்பு) அமைத்தன. டீட்ரிக்சன் வழி வந்த, பல்கலைக்கழகம் படித்த குருமார்களின் கூட்டம். குருமாரைப் பயிற்றுவிக்கத் தங்களுக்கென்று கல்லூரி இல்லாததால், செயின்ட் லூயிஸில் இருந்த ஜெர்மன் மிசூரி சினோட்டின் கல்லூரிக்கு மாணவர்களை அனுப்பினார்கள். மிசூரி அடிமை மாநிலம். 1861-ல் போர் தொடங்கியதும் சனம் கேட்டது: அடிமை முறை பாவமா, இல்லையா? குருமார் சேர்ந்து பதில் எழுதினார்கள். அது தீமைதான், ஆனால் தன்னளவில் பாவம் என்று வேதம் சொல்லவில்லை.

பையனைப் போருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு இந்தப் பதில் எப்படி இருந்திருக்கும்! கிளாவுசன் முதலில் கையெழுத்திட்டார், பிறகு வாபஸ் வாங்கினார். அந்தச் சண்டை பல வருடம் இழுத்து, 1868-ல் சினோட்டை விட்டே வெளியேறினார். களஞ்சியத்தில் பட்டம் வாங்கியவர் சரியான பக்கம் நின்றார், அசல் பட்டக்காரர்கள் வார்த்தையைப் பிளந்துகொண்டிருந்தார்கள். சந்தேகப்பிராணி, உங்கள் ஓட்டு இன்னும் கோஷ்கோனாங்குக்குத்தானா?

18. சந்தேகப்பிராணி

நான் பிரதிஷ்டைத் தேதிக்குத்தான் ஓட்டுப் போட்டேன், ஒழுக்கத்துக்கு இல்லை.

ஆனால் இது ஒருதலைப்பட்சம். அந்தப் படித்த குருமார்கள்தானே 1861-ல் லூதர் கல்லூரியைத் தொடங்கியவர்கள்? போரால் செயின்ட் லூயிஸ் வாசல் மூடியது, சனமும் அந்தப் பக்கமே போகாதே என்றது, உடனே விஸ்கான்சினில் ஒரு குருமனையில் வகுப்பு ஆரம்பித்து, அடுத்த வருடம் ஐயோவாவில் டெகோராவுக்கு மாற்றினார்கள். இன்றும் நடக்கிறது. ஐயெல்சன் என்ன விட்டுப்போனார்? 1846-ல் ஒரு சினோட் அமைத்தார், அவருடைய ஆட்களே அவரை விட்டு 1876-ல் ஹௌகே சினோட் என்று பிரிந்து போனார்கள். மனிதர் ஒரு சின்னக் குழுவோடு மிஞ்சினார்.

19. மட்டுறுத்துநர்

நண்பர்களே, 17, 18 பதிவுகள் சூடாகின்றன. கட்டடத்துக்குத் திரும்புவோம்.

20. வடதுருவம்

கட்டடத்துக்கே வருகிறேன். உள்ளே எப்படி உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. பழைய நார்வே வழக்கப்படி ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். அமெரிக்கக் கிராமங்களிலும் வெகுகாலம் அப்படித்தான். அம்மம்மாவோடு போன கோயில் மாதிரியே இருக்கும். 'க்ளொக்கர்' என்று ஒருவர் இருப்பார். ஆரம்ப ஜெபமும் முடிவு ஜெபமும் அவர் சொல்வார், பாட்டை எடுத்துக் கொடுப்பார். குரு நாலைந்து சபைகளைச் சுற்றி மாதம் ஒருமுறைதான் வர முடியும். மற்ற நாட்களில் கோயிலைக் கொண்டு நடத்துவது இவர்தான். எங்கள் ஊர் உபதேசியார் மாதிரி.

பிள்ளைகளுக்கு லுத்தரின் சிற்றுபதேசம், அதன் மேல் டேனிஷ்காரர் பொன்டொப்பிடான் 1737-ல் எழுதிய விளக்கம். கேள்வி பதிலாக இருக்கும், மனப்பாடம் செய்யாவிட்டால் திடப்படுத்தல் கிடையாது. திடப்படுத்தல் இல்லாவிட்டால் பெரிய ஆளாகவே கணக்கில்லை.

காசு சேர்த்தது பெண்கள். 'க்வின்னஃபொரேனிங்' என்று மாதர் சங்கம். பின்னல், தையல், விருந்து என்று விற்று மணியும் ஆர்மோனியமும் வாங்கிக் கொடுத்தார்கள். சபைக் கூட்டத்தில் ஓட்டு மட்டும் அவர்களுக்கு இல்லை, அது வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

21. தரங்கைவாசி

அம்மா, பொன்டொப்பிடான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜெர்மனியின் ஹாலே ஊரில் வளர்ந்த பக்திமார்க்கம் கோபன்ஹேகன் அரண்மனைக்குள் நுழைந்ததால்தான் எங்களுக்குச் சீகன்பால்கு ஐயர் கிடைத்தார். அதே அலைதான் அடுத்த தலைமுறையில் அந்தப் புத்தகத்தை எழுத வைத்தது. மாதர் சங்கம், மனப்பாடம், ஓட்டு இல்லாத பெண்கள் எல்லாம் எங்களுக்கும் தெரிந்த கதைதான்.

22. கூழாங்கல்

ஒரு கேள்வி. விஸ்கான்சின், மினசோட்டா கிராமங்களில் எதிரெதிரே இரண்டு நார்வே லுத்தரன் கோயில்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே மொழி, ஒரே ஜெபப் புத்தகம், சிலசமயம் ஒரே குடும்பப் பெயர்கள். ஏன் இரண்டு?

23. பழஞ்சுவடி

முன்தெரிவு. 1880-களின் பெரும் சண்டை. கடவுள் சிலரை இரட்சிப்புக்கென்று முன்பே தெரிந்தெடுத்தது வெறும் கிருபையால் மட்டுமா, அவர்கள் விசுவாசிப்பார்கள் என்று முன்கூட்டி அறிந்ததாலா? இதைக் குருமார் பத்திரிகையில் எழுதிச் சண்டை போட்டார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். விவசாயிகள் பால் கறக்கும்போது, கொல்லன் பட்டறையில், கடைத் திண்ணையில் இதையே பேசிச் சண்டை போட்டார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. சபை இரண்டாகி, தோற்ற கட்சி எதிரே இன்னொரு கோயில் கட்டியது. சினோட்டின் தலைவராக இருந்த ஹெர்மன் பிரூஸையே 1883-ல் அவருடைய சபை ஒன்று வேண்டாம் என்று நீக்கியது.

1887-ல் பிரிந்த கூட்டம் 1890-ல் வேறு இரண்டு குழுக்களோடு சேர்ந்து ஐக்கிய நார்வே லுத்தரன் திருச்சபை ஆனது. 1912-ல் இரண்டு விளக்கமும் செல்லும் என்று சமரசம். 1917 ஜூனில், லுத்தரின் திருச்சபைச் சீர்திருத்தத்தின் 400-வது ஆண்டில், ஹௌகே சினோட், நார்வே சினோட், ஐக்கியத் திருச்சபை மூன்றும் செயின்ட் பாலில் ஒன்றாயின. அதற்கும் ஒத்துக்கொள்ளாத சிறுபான்மை தனியாகப் போனது. எதிரெதிர்க் கோயில்கள் அப்படியே நின்றன. கட்டடத்தை யார் இடிப்பது?

24. சந்தேகப்பிராணி

ஒன்றான அடுத்த வருடமே மொழிச் சண்டை வந்ததையும் சொல்லுங்கள். முதல் உலகப்போர் நேரம். 1918 மே 23-ல் ஐயோவா ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை போட்டார்: பள்ளி, ரயில், தொலைபேசி, பொது இடம், கோயில் ஆராதனை எங்கேயும் ஆங்கிலம்தான். ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாமாம். குறி ஜெர்மன்காரர்கள் மேல், அடி நார்வேப் பாட்டிகளுக்கும் விழுந்தது. கிளாவுசன் 1853-ல் குடியேற்றிய செயின்ட் ஆன்ஸ்கர் ஐயோவாவில்தான் இருக்கிறது, அங்கேயும் இதே நிலைமை.

அதே வருடம் திருச்சபை மாநாட்டில் பெயரில் இருக்கும் "நார்வே"யை எடுத்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். 1920-ல் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். கடைசியில் எடுத்தது 1946-ல். ஐயெல்சன் 1841-லேயே ஆங்கிலச் சிற்றுபதேசம் அச்சடித்தார் என்று பழஞ்சுவடி எழுதியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் மனிதர் நூறு வருடம் முன்னால் இருந்திருக்கிறார்.

25. ஏரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒன்று மட்டும் பாக்கி. மஸ்கீகோவின் அந்த முதல் கட்டடம் என்ன ஆனது? விண்ட் லேக்கில் நான் பார்த்தது பழைய மரக்கட்டைக் கோயில் இல்லை.

26. பழஞ்சுவடி

1869-ல் அங்கே புதுக் கோயில் கட்டினார்கள். பழையதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தன் பண்ணைக்குக் கொண்டுபோய்க் கொட்டகையாக வைத்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கோலம்.

கட்டிய தச்சர்கள் கெட்டிக்காரர்கள். ஓக் மரங்களைச் செதுக்கி, இழைத்து, பலகை பொருத்துவது மாதிரி இடைவெளி இல்லாமல் பொருத்தியிருந்தார்கள். உள்ளே மாடத்தைத் தாங்கக் கறுப்பு வால்நட் மரத்தில் கடைந்த தூண்கள். தாங்களே குடிசையிலும் குழியிலும் இருந்த ஆட்கள் செய்த வேலை இது. அந்த உறுதிதான் கொட்டகையிலும் அதைக் காப்பாற்றியது. 1904-ல் ஐக்கியத் திருச்சபை அதை மீட்டு, பிரித்து, மினசோட்டாவுக்குக் கொண்டுபோய், செயின்ட் பாலில் தன் இறையியல் கல்லூரி வளாகத்தில் திரும்பப் பொருத்தியது. 1975-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது.

களஞ்சியத்தில் தொடங்கி, கோயிலாகி, கொட்டகையாகி, மறுபடி கோயில். கட்டடம் வெறும் கட்டடம்தான் என்று மூன்றாவது பதிவில் ஒருவர் சொன்னார்.

27. ஏரிக்கரை

நேற்று ஞாயிறு மறுபடி கோஷ்கோனாங் போனேன். ஆராதனை முடிந்து அடித்தளத்தில் காபி கொடுத்தார்கள். அதே பெரியவர். நீங்கள் கொடுத்த தேதிகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 1844 டிசம்பர் 19, 1845 மார்ச் 13, எல்லாம் படித்துக் காட்டினேன். மஸ்கீகோதான் முதலில் வேலையைத் தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "அதைக் கொட்டகைக்கு விற்றவர்களும் அவர்கள்தான். அந்தத் தாளில் அதையும் எழுதிக்கொள்" என்றார்.

28. சந்தேகப்பிராணி

ஹாஹா. உங்கள் பழைய மரக்கோயில் இப்போது எங்கே என்று அவரிடம் கேட்டீர்களா?

29. ஏரிக்கரை

கேட்டேன். இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், திரும்பி வரவில்லை.